ராமர் பாதம் பார்க்கப் போனோம்... மாமாவின் பாதத்தைப் பார்க்கவில்லை!

"மலைன்னு சொன்னியே, எங்கம்மா இருக்கு மலை?"

ராமேஸ்வரம் கோயிலிலிருந்து வடக்கே நடக்க ஆரம்பித்ததும் என் மாமனார் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் திருநெல்வேலிக்காரர். பாபநாசம் மலையைப் பார்த்து வளர்ந்தவருக்கு எங்கள் கந்தமாதன பர்வதம் ஒரு மேடாகத்தான் தெரியும். உண்மையும் அதுதான். பேர்தான் பர்வதம், ஆள் மணல்மேடு! ஆனால் தீவு முழுக்கத் தட்டையாகக் கிடக்கிற இடத்தில் அதைவிட உயரமான தரை கிடையாது. உச்சியில் இரண்டு அடுக்கு மண்டபம். உள்ளே சக்கரத்தின் மேல் பதிந்த ராமர் பாதம். ராமர் இங்கே நின்றுதான் இலங்கைத் திசையைப் பார்த்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

நாங்கள் மண்டபத்தில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் பாம்பன் பாலத்தைக் காட்டி, ராமேஸ்வரம் கூட்டிப்போய், தனுஷ்கோடி வரை அழைத்துப்போய்த் திருப்பி அனுப்புவது என் வேலை. போன வருஷம் வைகாசியில் மாமாவும் அத்தையும் வந்தபோதும் அப்படித்தான். மாமாவுக்கு வயது 64. சர்க்கரை வந்து 14 வருஷம். மாத்திரை தவறாது, தினமும் நாலு கிலோமீட்டர் நடை தவறாது. "என்னை மாதிரி ஒரு சுகர் பேஷன்ட்டை டாக்டர் பார்த்ததே இல்லையாம்" என்று பெருமையாகச் சொல்வார்.

அந்தப் பெருமைதான் அன்றைக்கு எங்களை ஏமாற்றியது.

கோயிலிலிருந்து ராமர் பாதம் சுமார் மூன்று கிலோமீட்டர். ஆட்டோ போகும். மாமா கேட்கவில்லை. "வேண்டுதல். செருப்பில்லாம நடந்துதான் வருவேன்." காலை ஆறு மணிக்கே கிளம்பியிருந்தால் பிரச்னையே இல்லை. நாங்களோ அக்னி தீர்த்தத்தில் முழுகி, வரிசையில் நின்று 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து வெளியே வரும்போது மணி பதினொன்று. நானும் அத்தையும் செருப்பு போட்டுக்கொண்டு பின்னால் நடந்தோம். மாமா முன்னால், ஈர வேட்டியோடு, விறுவிறுவென்று!

வழியில் சுக்ரீவ தீர்த்தம், சாட்சி அனுமன் கோயில் எல்லாம் வரும். சீதையைப் பார்த்துவிட்டு வந்ததற்குச் சாட்சியாக அனுமன் சூடாமணியைக் கொடுத்த இடம் என்று ஐதீகம். இரண்டு பக்கமும் உடைமரம், பனை. நிழல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. நான் இரண்டு தடவை, "மாமா, சுடலையா? செருப்பைப் போட்டுக்கோங்களேன்" என்றேன்.

"எனக்கென்னம்மா சுடுது? பழகின காலு!"

இந்தப் பதிலைக் கேட்டதும் நான் பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.

படியேறி மண்டபத்துக்குள் போய்ப் பாதத்தைக் கும்பிட்டுவிட்டு மேல்தளத்தில் நின்றோம். அங்கே அடிக்கும் காற்றுக்கே எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். ஒரு பக்கம் பாக் நீரிணை, தென்னந்தோப்புக்கு மேலே கோயில் கோபுரம், ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் டி.வி. டவர். மாமா அரை மணி நேரம் நகரவே இல்லை. "இதுக்கு எங்க ஊர் மலையே தோத்துதும்மா" என்றார். திரும்பும்போதும் வெறுங்கால்தான். அப்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

சாயங்காலம் மண்டபத்து வீட்டில் மாமா பாயில் படுத்திருந்தார். கால்மாட்டில் ஏதோ ஈரமாக இருக்கிறதே என்று அத்தைதான் முதலில் பார்த்தார்.

"ஐயோ, இங்க வந்து பாரும்மா!"

வலது உள்ளங்காலில் முன்பாதம் முழுக்கத் தோல் கொப்பளித்து, ஒரு இடத்தில் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் சதை சிவப்பாகத் தெரிந்தது. இடது காலிலும் இரண்டு கொப்புளம். இந்தக் காலோடுதான் பஸ் ஏறி, இறங்கி, தெருமுனைக் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்திருக்கிறார்!

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றார் மாமா. அவர் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன்.

காவல்காரன் தூங்கினால்...

மலைக்காடுகளில் வனத்துறையினர் உயரமான இடத்தில் கோபுரம் கட்டி ஆள் போட்டிருப்பார்கள். எங்கேயாவது புகை கிளம்பினால் உடனே கீழே சொல்வதுதான் அவர் வேலை. நம் உடம்பில் அந்த வேலையைப் பார்ப்பது வலி. கோபுரத்து ஆள் தூங்கிவிட்டால் தீ பிடிக்காமல் போய்விடுமா? பிடித்தது தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

ராமநாதபுரத்தில் நாங்கள் பார்த்த டாக்டர் இதைத்தான் வேறு மாதிரி சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்புகளும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களும் கெட்டுப்போகின்றன. முதலில் அடிபடுவது மிக நீளமான நரம்புகள். முதுகுத் தண்டிலிருந்து கால்விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிற நரம்பு அது. அதனால்தான் மரத்துப்போவது விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. சிலருக்கு முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு வரும். மாமாவைப் போலப் பலருக்கு ஒன்றுமே வராது. வியர்வைக்கான நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு பித்தவெடிப்பு வரும். கிருமி நுழைய அந்த வெடிப்பே போதும்.

டாக்டர் மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் காயம் இல்லாத இடங்களில் தொட்டார். "தொடும்போது 'ஆமா'ன்னு சொல்லுங்க ஐயா." பல இடங்களில் தொட்டார். மாமா வாயைத் திறக்கவே இல்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார் பாவம்! பக்கத்தில் நின்ற அத்தைக்குக் கண்ணில் தண்ணீர்.

ஐந்து நிமிஷப் பரிசோதனை. 14 வருஷத்தில் பட்டினி ரத்தம், சாப்பிட்ட பின் ரத்தம், கண், சிறுநீர் எல்லாம் பார்த்திருக்கிறோம். காலைப் பார்க்கச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒரு தடவையாவது இதைச் செய்துகொள்ள வேண்டுமாம். பாதத்தின் மேல்புறம் நாடித் துடிப்பு இருக்கிறதா என்றும் அதே சமயம் பார்த்துவிடுவார்கள்.

"சூடு தெரியலைன்னு சொன்னப்பவே நீங்க உஷாராகியிருக்கணும்" என்றார் டாக்டர். வெயில் காலத்து நண்பகலில் தார் ரோடும் கருங்கல்லும் 60 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். அந்தச் சூட்டில் கொஞ்ச நேரத்திலேயே தோல் வெந்துவிடும். நாமாக இருந்தால் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவோம். மாமா நிதானமாக நடந்தார்.

கொல்லிமலைக்காரர் சொன்னது

மரத்துப்போன காலைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்னது நம் தமிழ்நாடுதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பாம்பன் ரயில் பாலம் திறந்த அதே 1914-ல், கொல்லிமலையில் பணியாற்றிய ஓர் ஆங்கிலேய மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழுந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய காலம். அவர் பொறுமையாகக் கவனித்துப் பார்த்து வேறு காரணத்தைச் சொன்னார். வலி தெரியாததால் சூட்டிலும் முள்ளிலும் காயம் படுகிறது, பட்ட காயத்தின் மேலேயே திரும்பத் திரும்ப நடக்கிறார்கள், அதனால்தான் காலே போகிறது என்றார். அவர்களுக்காக நுண்துளை ரப்பரில் மெத்தென்ற செருப்பு வேலூரில் உருவானது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1960-களில் அமெரிக்கா போன பிராண்ட், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பொருத்திக் காட்டினார்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர். நம் கோயில்களிலோ செருப்புக்கு அனுமதி கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்!

மூன்று மாதம்

மாமாவின் கொப்புளம் ஆற ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. நடுவில் கட்டைவிரலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டரே இரண்டு வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். மருந்தைவிட முக்கியம் காலை ஊன்றாமல் இருப்பது என்று படித்துப் படித்துச் சொன்னார். தினம் நாலு கிலோமீட்டர் நடந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைப்பது லேசா? "பாத்ரூம் வரைக்கும்தானே" என்று நழுவுவார். அத்தை ஊன்றுகோலை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

நாங்கள் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இரவு பக்கத்து வீட்டம்மா சொன்னார் என்று கொப்புளத்தில் பற்பசை தடவினோம். கூடாது. காப்பித்தூள், மை, மஞ்சள், எதுவுமே கூடாது. சுட்ட உடனே என்றால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வலிக்கவில்லை என்று நாளைக்குத் தள்ளிப்போடவே கூடாது. வலிக்காததுதானே வியாதி!

இப்போது எங்கள் வீட்டில் சில பழக்கம் வந்துவிட்டது. ராத்திரி படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து மாமா உள்ளங்காலைப் பார்ப்பார். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைப்பார். குதிகாலில் தேங்காய் எண்ணெய், இடுக்கில் மட்டும் எண்ணெய் கிடையாது. வெந்நீரைக் காலால் தொட்டுப் பார்க்காமல் அத்தையின் முழங்கையால் பார்ப்பது, செருப்பை உதறிவிட்டுப் போடுவது, வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்காமல் இருப்பது... எல்லாம் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இதற்காகவே 'பாதம் பாதுகாப்போம்' என்று தமிழக அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பேர் வைத்தவருக்கு ராமேஸ்வரத்தில் ஒரு பூஜையே செய்யலாம்.

நடையை விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். புண் முழுக்க ஆறியதும் டாக்டரே "நடங்க, ஆனா செருப்போட" என்றார். பத்து நிமிஷத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்.

இந்தத் தை மாதம் திரும்பவும் வந்தார்கள். "வேண்டுதல் பாதி நிக்குதும்மா" என்றார். காலை ஆறரை மணிக்கே கோயில் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டோம். வெறும் வயிற்றில் இல்லை, நாலு இட்லி. பையில் தண்ணீரும், சர்க்கரை தாழ்ந்தால் உடனே வாயில் போட குளுக்கோஸும். படி வரைக்கும் எம்.சி.ஆர். செருப்பு. படிக்குக் கீழே அதைக் கழற்றிவிட்டுத் துவைத்து வைத்திருந்த தடிமனான பருத்தி சாக்ஸ். போடலாமா என்று அங்கே இருந்தவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். படிக்கல் ஜில்லென்று இருக்கிறதா என்று நான் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மாமா கால் வைத்தார்.

அதே காற்று. இந்தத் தடவை வெயில் ஏறும் முன்பே இறங்கிவிட்டோம்.

கீழே வந்ததும் மாமா ஓரமாக உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலைப் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் செருப்பு விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "என்னண்ணே, முள்ளு குத்திருச்சா?" என்று கேட்டார்.

"குத்திருக்கான்னுதான் பாக்கேன். குத்தினா எனக்குத் தெரியாது. சுகர்."

"எனக்கும் இருபது வருஷமா சுகர்தான்..." என்று இழுத்தார் அந்தப் பெரியவர். அவர் காலில் செருப்பில்லை.

மாமா கண்ணாடியைத் துடைத்து அவரிடம் நீட்டினார்.