திருமழிசை: ஆழ்வார் பிறந்த ஊர்

பூந்தமல்லிக்கு மேற்கே, திருவள்ளூர் செல்லும் வழியில் அமைந்த இவ்வூர், பெரும்பாலோரால் 7ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் திருமழிசையாழ்வாரின் பிறப்பிடமாகும். பார்கவ முனிவரின் மகவாகப் பிறந்து புதரடியில் விடப்பட்ட அவரை, பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளனும் அவர் மனைவி பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தனர் என்று வைணவ ஆசிரியர் வரிசையைக் கூறும் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. உழைப்பாளர் குடிலில் வளர்ந்தவரை வைணவ சமயம் முழுவதும் தொழுவது தமிழகத்தின் பெருமைக்குரிய மரபாகும். அவர் பாடிய திருச்சந்த விருத்தமும் நான்முகன் திருவந்தாதியும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றுள்ளன. ஜெகந்நாதப் பெருமாள் கோயிலும் சிவனுக்குரிய ஒத்தாண்டேசுவரர் கோயிலும் இங்கு உள்ளமையால், இரு சமய வழிபாடுகளும் ஒரே ஊரில் நிலைத்துள்ளன. ஆழ்வாரின் அவதாரத் திருநாள் ஆண்டுதோறும் தை மாத மக நட்சத்திரத்தில் கொண்டாடப்படுகிறது.