உங்களுக்குத் தெரியுமா? கார் கதவு ரப்பருக்கு எண்ணெய் ஆகாது!

கார் கதவைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயிலை நன்றாகவே தாங்கும். அதில் கலந்துள்ள கரித்தூள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் அதற்குப் பகை. கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவினால் ரப்பர் உப்பி, தளர்ந்துவிடும். சிலிக்கோன் வகைத் திரவமே நல்லது.

அதையும் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சிதறும் துளி முன்கண்ணாடியில் படிந்தால், மழையில் வைப்பர் ஓடும்போது பார்வை மங்கும். உண்மையிலேயே ஆபத்து அது! ரப்பரைக் கழுவிக் காயவிட்டு, சின்ன ஸ்பாஞ்சில் சில சொட்டு விட்டு, ஸ்பாஞ்சை மடிப்புக்குள் விரலால் அழுத்தி ஒரே சீராக இழுங்கள். பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் கறை படாது. மிச்சத்தை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே கதவை மூடுங்கள்.