கள ஆராய்ச்சியும் அதன் அறமும்

ஆராய்ச்சி இருவகைப்படும். ஏட்டிலும் நூலிலும் உள்ளவற்றை ஆராய்வது ஒன்று. மக்கள் வாழுமிடஞ் சென்று, அவர்தம் பேச்சையும் பாட்டையும் வழக்கங்களையும் நேரிற் கண்டும் கேட்டும் அறிவது மற்றொன்று. பின்னதனைக் கள ஆராய்ச்சி என்பர். நாட்டுப் பாடல்களையும் வட்டார வழக்குகளையும் தொகுக்கும் பொருட்டுத் தமிழ் மாணவராகிய நாமும் சிற்றூர்களுக்குச் செல்ல நேர்கின்றது. ஏடு தன்னைப் படிப்பவனைக் கண்டு நாணுவதில்லை, அஞ்சுவதில்லை, பின்பு வருந்துவதுமில்லை. மனிதர்க்கோ இவை மூன்றும் உண்டு. இவ்வேறுபாட்டினின்றே கள ஆராய்ச்சியின் முறைகளும் இடர்களும் அறங்களும் தோன்றுகின்றன. நீலகிரியில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றோம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் அறிஞர் 1901-1902ஆம் ஆண்டுகளில் நீலகிரிக்கு வந்து, தோடர் என்னும் மக்களிடையே ஆராய்ச்சி நிகழ்த்தினார். தோடர் எருமை வளர்ப்போர். பால் கறத்தலும் தயிர் கடைதலும் அவர்க்குத் தொழில் மட்டுமல்ல, வழிபாடுமாம். அக்காலத்து அவர் தொகை ஏறக்குறைய எண்ணூறே. "உங்கள் உறவுமுறை எத்தகையது?" என்று பொதுப்பட வினாவினால் தெளிந்த விடை கிடைப்பதரிது. ஆகலின் ரிவர்ஸ், "நின் தந்தையார் பெயர் யாது? அவர்க்குப் பிறந்தோர் யாவர்? அவர் யாரை மணந்தனர்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குடும்பந்தோறும் வமிசாவளி வரைந்தார். இம்முறையை அவர் 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளிற் சென்ற ஆராய்ச்சிக் குழுவிலிருந்தபோதே கண்டுகொண்டவர். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டுப் பிழை களைதலும் அவர் வழக்கம். இவ்வாறு திரட்டியவற்றை 1906இல் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டதொரு பெருநூலாக வெளியிட்டார்.

கள ஆராய்ச்சியின் இடர்களுள் முதலாவது மொழி. ரிவர்ஸ் தோட மொழி அறியார். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே அனைத்தையும் கேட்டறிந்தார். பின்வந்தோர் இக்குறையை உணர்ந்தனர். மாலினோவ்ஸ்கி என்பார் 1915 முதல் 1918 வரை இருமுறை டிரோபிரியாண்டுத் தீவுகளிற் சென்று தங்கி, ஊர் நடுவே கூடாரம் அடித்து, அம்மக்கள் மொழியையே பயின்றார். எமனோ என்னும் மொழியறிஞர் 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி, தோடம் கோத்தம் முதலிய மொழிகளைக் கற்றார். அவர் அன்று எழுதிக்கொண்ட தோடர் பாடல்கள் நூலாக வெளிவந்தது 1971இல் ஆம். ஒரு பாட்டைக் கேட்பதற்கு ஒரு நாழிகை போதும். அதனை விளங்கிக்கொள்ள முப்பது ஆண்டுகளும் வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது இடர் மரியாதையால் விளைவது. கல்லூரி மாணவன் ஒருவன் முதிய உழவரை நோக்கி, "இப்பாட்டு மிகப் பழையதன்றோ?" என்று வினவினால், அவரும் வந்தவன் மனங் கோணாதிருக்க, "ஆமாம், ஐயா" என்றே விடையிறுப்பார். அவ்விடை மாணவனுடையதேயன்றி உழவருடையதன்று. "இதனை யாரிடங் கற்றீர்கள்? எப்பொழுது பாடுவீர்கள்?" என்று கேட்பானாயின் உண்மை வெளிப்படும். பாடங் கேட்டல் இவ்வாறென்று நன்னூலார் தனியே வகுத்துரைத்தார். கள ஆராய்ச்சியில் ஆசிரியர் அவ்வுழவரே, நாம் மாணாக்கர்.

இனி, அறத்தைக் கூறுவாம். தோடர் தம் குடும்பத்தில் இறந்தோர் பெயரை வாயாற் கூறுதல் தகாதென்னும் வழக்கமுடையர். வமிசாவளிக்கோ அப்பெயர்கள் இன்றியமையாதன. ஆகவே ரிவர்ஸ் அவற்றைப் பிற குடும்பத்தாரிடம் கேட்டறிந்தார். முறையை நோக்கின் இது திறமையே. ஆயினும், எப்பெயரை உறவினர் உச்சரிக்கவும் அஞ்சினரோ அப்பெயர் உலகெலாம் படிக்கும் நூலில் அச்சேறியது. இஃது ஒன்று. மற்றொன்று இதனினும் பெரிது. தோடர் சிலர் தம் மறைவான சடங்குகளையும் புனித இடங்களையும் ரிவர்ஸுக்குத் தெரிவித்தனர். பின்பு அவருட் சிலருக்குத் துன்பங்கள் நேர்ந்தன. குறி சொல்வோரை அணுகியபோது, மறைபொருளை அயலார்க்கு வெளியிட்டமையாலே தெய்வங்கள் சினந்தன என்னும் விடை கிடைத்தது. அதன்பின் பலர் அவரிடம் வாய் திறக்க மறுத்தனர். ரிவர்ஸ் இதனை மறையாமல் தம் நூலிலேயே எழுதியுள்ளார். அவர் நேர்மை போற்றத்தக்கது.

அச்சினம் உண்மையோ எனச் சிலர் வினவலாம். வினா அதுவன்று. சொன்னவர் தாம் சொன்னதற்காக அஞ்சினார். கேட்டவரோ நூலுடன் தம் நாடு திரும்பினார். ஆராய்ச்சியின் பயன் ஒருவர்க்கும் அதன் விலை மற்றொருவர்க்குமாக அமைந்ததே ஈண்டு நோக்கற்பாலது. நம் நாட்டிலும் இதற்கு ஒப்பானது உண்டு. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுதல் தீமை விளைக்கும் என்று பெண்டிர் பலர் கருதுகின்றனர். "ஒரேயொரு பாட்டு" என்று அவரை வற்புறுத்துவோன் தன் குறிப்பேட்டை நிரப்புவான். அவ்வீட்டிற் கலக்கத்தை விட்டுச் செல்வான். வீட்டை விட்டு வயல்வெளியிற் பாட அவர் இசைவாராயின் அங்கே கேட்கலாம். இசையாராயின் விட்டுவிடுதலே முறை.

ஆராய்ச்சி என்னும் பெயரால் வஞ்சித்தலும் நிகழ்ந்ததுண்டு. மானிடவியலார் நால்வர் ஆராய்ச்சியை மறைப்பாகக் கொண்டு ஒற்றுவேலை செய்தனரென்று பிரான்ஸ் போவாஸ் என்னும் பேரறிஞர் 1919இல் வெளிப்படக் கண்டித்தார். ஆனால் அமெரிக்க மானிடவியற் சங்கம் அவரையே கண்டித்தது. அக்கண்டனத்தை அச்சங்கம் நீக்கியது 2005இல் தான்.

ஆகவே, களத்திற்குச் செல்வோர் கைக்கொள்ள வேண்டுவன சில. நாம் யார், எதற்காக வந்தோம், கேட்டதை என்ன செய்வோம் என்பவற்றை முதலிலேயே விளங்கக் கூறல் வேண்டும். மறுப்பவரை வற்புறுத்தலாகாது. ஒருவர்க்குத் தீங்கு தரத்தக்கதாயின் பெயரையும் ஊரையும் மறைத்தல் வேண்டும். தீங்கில்லையாயின், அவர் விரும்பியவாறு பாடியவர் பெயரைப் பாட்டோடு வழங்குதல் வேண்டும். தொல்காப்பியனாரே பிறர் கூறியதனை 'என்ப' என்று அவர்க்கே உரிமையாக்கினார். நாம் அதனின் இழிதல் தகுமோ? தொகுத்த நூலின் படியொன்று அவ்வூர் சென்று சேர்தலும் முறையாம்.

சிதைந்த ஏட்டிற்கு வேறு பிரதி தேடலாம். சிதைந்த நம்பிக்கைக்குப் பிரதி இல்லை. ஒருவன் அதனைச் சிதைப்பின், அவனுக்குப் பின் அவ்வூர் செல்லும் மாணவர் அனைவர்க்கும் வாயில் அடைபடும். இதனை உளங்கொண்டு, குறிப்பேட்டை விரிக்குமுன் அவர் இசைவைக் கேட்போமாக.