பணம் இங்கே, முடிவு எங்கே?

தோழர்களே! ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுகிறார்கள், ஷூ தைக்கிறார்கள், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறார்கள். அந்த ஆணும் பெண்ணும் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? அவர்கள் அல்லர். அவர்கள் வாக்களித்து அமைத்த நகராட்சியும் அன்று!

பணம் மட்டும் இங்கிருந்து போகிறது. பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் சுங்கச்சாவடி நிற்கிறது. ஊற்றும் ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் சாலை செஸ் வாங்குகிறார்கள். செஸ் என்பதாலேயே அது மாநிலங்களுடன் பங்கிடும் வரித் தொகுப்பில் சேருவதில்லை. பேருந்தின் கதை என்ன? ஒரு காலத்தில் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் இருந்தது. இன்று வேலூர் மண்டலத்தின் தலைமையகம் விழுப்புரத்தில்!

"உள்ளூர்க்காரனுக்குப் போக்குவரத்து நிதியை ஆளத் தெரியுமா?" என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு வரலாறு பதில் சொல்லும்.

1856இல் இராயபுரத்திலிருந்து நம் வாலாஜாவுக்குத் தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. போட்டவர்கள் இலண்டன் கம்பெனிக்காரர்கள். அவர்கள் முதலுக்கு வட்டி உத்தரவாதம் தந்தது இந்நாட்டு மக்களின் வரிப்பணம். பாதையைப் பற்றி மக்களை எவரும் கேட்கவில்லை. ஆனால் தஞ்சையில் நடந்தது வேறு. ஜில்லா போர்டு நிலத்தின் மீது செஸ் விதித்துப் பணம் சேர்த்தது. 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் விட்டது. அந்தப் போர்டில் கலெக்டரின் கையும் மிராசுதாரின் கையும் ஓங்கியிருந்தது மெய்தான். அப்படிப்பட்ட போர்டே ரயில் போட முடிந்ததென்றால், எல்லோருக்கும் வாக்குரிமை உள்ள இன்றைய மன்றங்களால் பேருந்து விட முடியாதா?

சட்டமும் நம் பக்கம் பாதி நிற்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், சாலை, பாலம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை நகராட்சிக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் வைத்தது. மாவட்டத் திட்டக் குழுவும் உண்டு. குழு திட்டம் தீட்டலாம். பணப்பெட்டியின் சாவியோ கோட்டையிலும் டில்லியிலும்!

பிரான்சைப் பாருங்கள். 1971இல் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கி, பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவிய ஏற்பாடு அது. தொழிலாளியை வேலைக்கு வைக்கும் முதலாளி, கூலித் தொகைக்கு ஏற்ப ஒரு வரி கட்டுகிறார். அது உள்ளூர்ப் போக்குவரத்து ஆணையத்துக்கே போகிறது. உழைப்பைப் பெறுகிறவன் உழைப்பாளியின் வழிக்கும் பங்கு தரவேண்டும் என்பதே அதன் நியாயம். அந்த நியாயம் ஆம்பூருக்குப் பொருந்தாதா?

நாம் கேட்பது மூன்று. செஸ்ஸிலும் சுங்கத்திலும் ஒரு பங்கு மாவட்டத் திட்டக் குழுவுக்கு வரவேண்டும். பெரிய தொழிற்சாலைகளிடம் போக்குவரத்து வரி வாங்கவேண்டும். ஷிப்டுப் பேருந்தின் நேரத்தையும் தடத்தையும் நகராட்சியும் தொழிற்சங்கமும் கூடி முடிவு செய்யவேண்டும்.

"உள்ளூரில் கையாடல் நடக்குமே!" என்பார்கள். கணக்கை ஊர்ச்சபையில் படித்துக் காட்டச் சட்டம் செய்யுங்கள். தொலைவில் இருக்கும் கணக்கைவிடக் கண்முன் இருக்கும் கணக்கைத் தட்டிக் கேட்பது எளிது. "பணக்கார ஊர் மட்டும் வாழுமே!" என்பார்கள். குறைந்த ஊருக்கு ஈடு தருவது மாநில அரசின் கடமை.

மே தினத்தன்று தமிழகமெங்கும் கிராம சபை கூடுகிறது. தோழர்களே, கொடியேற்றியதோடு கலைந்துவிடாதீர்கள்! சபைக்குச் செல்லுங்கள். நம் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். தீர்மானம் எழுதி, நிறைவேற்றிவிட்டு எழுந்திருங்கள்!