நோய் தாங்கும் விதையும் கோடை உஷ்ணமும்

விதைப் பொட்டலத்தின் மேல் 'வைரஸ் நோயைத் தாங்கும் ரகம்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி, கடன்பட்டேனும் கூடுதல் விலை கொடுத்து வாங்கிச் செல்லும் விவசாயி, அந்த எதிர்ப்புச் சக்தி எவ்வளவு உஷ்ணம் வரையில் நிலைத்து நிற்கும் என்று கடைக்காரரிடம் கேட்பதில்லை; கேட்டாலும் பதில் கிடைப்பது அரிது. பல ரகங்களின் சக்தி வெயில் ஏற ஏறத் தளர்ந்துபோகும் என்ற உண்மையோ, விஞ்ஞானிகள் நெடுங்காலமாக அறிந்த ஒன்று.

புகையிலையை எடுத்துக்கொள்வோம். தேமல் வைரஸை எதிர்க்கும் 'என்' என்ற மரபணு, ஹோம்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானியின் முயற்சியால் 1930-களில் ஒரு காட்டுப் புகையிலையிலிருந்து சாகுபடிப் புகையிலைக்கு வந்தது. இம்மரபணு உள்ள இலையில் வைரஸ் புகுந்தால், அவ்விடத்து உயிரணுக்கள் இரண்டொரு நாளில் தாமாகவே மடிந்து, சிறு பழுப்புப் புள்ளியாகக் கருகி, நோயை அங்கேயே சிறைப்படுத்திவிடுகின்றன. உஷ்ணம் 28 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டி நீடித்தாலோ, புள்ளி விழுவதில்லை. வைரஸ் தடையின்றிச் செடி முழுவதும் பரவிவிடுகிறது. பின்னர் குளிர்ச்சி திரும்பும்போது, அடங்கியிருந்த எதிர்ப்பு பரவிய இடமெங்கும் ஒருசேர விழித்தெழ, செடியே கருகிச் சாய்கிறது. குடைமிளகாயில் தக்காளிப் புள்ளி வாடல் வைரஸைத் தடுக்கும் மரபணுவும் 32 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் செயலிழக்கக் கூடியதே.

உஷ்ணத்தை எப்போதும் பகையாகக் கருதுவதும் பிழை. வைரஸின் மரபுப் பொருளைத் துண்டு துண்டாக நறுக்கி அழிக்கும் மற்றொரு தற்காப்பு செடிகளுக்கு உண்டு. அது குளிரில் மந்தமாகி வெப்பத்தில் வலுப்பெறுகிறது. மரவள்ளியைத் தாக்கும் சில தேமல் வைரஸ்களிலிருந்து செடி வெப்ப காலத்தில் ஓரளவு தேறுவதற்கு இதுவே காரணம். ஆனால் வறண்ட வெயிலில் வெள்ளை ஈயும் பெருகி நோயைச் சுமந்து வருகிறதாகையால், நாற்றங்காலை நுண்வலையால் மூடுவதையும், நோயுற்ற செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழிப்பதையும் எந்த ரகத்தை நட்டாலும் கைவிடலாகாது.

இனி உரிமையைப் பார்ப்போம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பதிவு பெற்ற ரகம் குறித்த சூழ்நிலையில் என்ன பலன் தரும் என்பதை விவசாயிக்கு அறிவிக்க வேண்டும் என்றும், அச்சூழ்நிலையில் அப்பலன் கிட்டாவிடில் அவர் நஷ்டஈடு கோரலாம் என்றும் 39-ஆம் பிரிவில் விதிக்கிறது. சூழ்நிலை என்பதில் உஷ்ணமும் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்; ஆகவே எந்தப் பட்டத்தில், எவ்வளவு வெப்பம் வரை இந்த ரகம் தாங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது விவேகம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் அவருக்குத் திறந்திருக்கிறது. அங்கே வழக்குத் தொடர இரண்டாண்டுக் கெடு உண்டு.

ரசீதையும், பொட்டலத்தையும், கைப்பிடி விதையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். பயிர் பழுதானால், செடி நிற்கும்போதே விதை ஆய்வாளருக்கும் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கும் எழுத்து மூலம் முறையிட்டு, வயலை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லுங்கள். நடவு முதல் அன்று வரையிலான அன்றாட வெப்ப அளவும் அவ்வறிக்கையில் பதிவாக வேண்டும்; அது இல்லாவிடில், எல்லாம் வெயிலின் குற்றம் என்று விற்றவர் கைவிரிக்கும்போது, அதை மறுக்க விவசாயியிடம் ஆதாரம் இராது.