புல் வெட்டும் மெஷினும் கூலியாளின் கண்ணும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரத்தில் வீட்டைச் சுற்றிக் கோரையும் அருகும் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிடும். பாம்பு வந்துவிடுமே என்று பயந்து, தோளில் மெஷின் மாட்டிய ஒருவரைக் கூப்பிடுகிறோம். அவர் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார், தலையில் துண்டு கட்டியிருப்பார். கண்ணில் மட்டும் பெரும்பாலும் எதுவும் இருக்காது. கூப்பிட்ட நாமும் அதைக் கவனிப்பதில்லை. ஒரு கண் போவதற்கு அந்தக் கவனக்குறைவே போதும்.

பிரஷ் கட்டர், டிரிம்மர், புல் வெட்டும் மெஷின் என்று பல பெயரில் வழங்கும் இந்தக் கருவியின் நைலான் வடிவத்தை 1971இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பல்லாஸ். கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. தகர டப்பாவில் மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். மரத்தின் அடியில் இரும்புத் தகடு போகமுடியாத இடத்திலும் வளைந்து கொடுத்துப் புல்லை மட்டும் அறுக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். கல்லில் பட்டால் நைலான் வளைந்துகொள்ளும். அடிபட்ட கல்லோ பறக்கும்.

எவ்வளவு வேகத்தில் பறக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் வட்டத்தில் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் நைலான் முனையின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த முனை தட்டும் சரளைக்கல்லும் ஆணித்துண்டும் உடைந்த ஓட்டுச் சில்லும் அந்த வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பும். எந்தத் திசையில் கிளம்பும் என்று யாராலும் சொல்லமுடியாது. அதனால்தான் மெஷினோடு வரும் கையேடுகள் 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது என்கின்றன. நம் வீட்டு முற்றங்கள் பலவற்றின் நீளமே அவ்வளவு இராது. அப்படியானால் வேலை முடியும்வரை குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், சன்னல் கதவுகளைச் சாத்தவேண்டும், கார் நிற்கும் பக்கம் கடைசியாக வெட்டவேண்டும். தெருவோரம் வெட்டும்போது ஒருவர் தள்ளி நின்று ஆள்நடமாட்டம் பார்த்துச் சொல்லவேண்டும்.

மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்யவேண்டிய வேலை, புல்லுக்குள் ஒருமுறை நடந்து பார்ப்பது. கல், பாட்டில் சில்லு, கட்டுக்கம்பி, பழைய கொடிக்கயிறு எல்லாவற்றையும் பொறுக்கிவிடவேண்டும். இடம் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும், எங்கே ஜல்லி கொட்டினார், எங்கே கம்பி புதைந்திருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஆகவே இது கூலியாளின் வேலை என்று நான் ஒப்பமாட்டேன்.

வீட்டுப் புல்தரைக்கு நைலான் நரம்பு கோத்த ஹெட்டே போதும். பல் வைத்த இரும்புத் தகடு புதருக்கும் தோட்டக்காட்டுக்கும் ஆனது, வீட்டு முற்றத்தில் அதற்கு வேலையில்லை. நைலான் சீக்கிரம் தேய்கிறது என்று பைக் கிளட்ச் கேபிளையோ கட்டுக்கம்பியையோ மாட்டுவது கொலைக்குச் சமம். கம்பி நுனியிலிருந்து ஒரு துண்டு தெறித்தால் கண்ணோடு நிற்காது. இரும்புச் சங்கிலி கோத்த ஹெட்டுகளை விற்பதையே ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடைசெய்துவிட்டது.

நைலான் சுற்றும் இடத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு (கார்டு) இருக்கும். தண்டில் புல் சுற்றிக்கொள்கிறது, பார்வையை மறைக்கிறது என்று பலரும் முதலில் கழற்றுவது அதைத்தான். கார்டின் விளிம்பைக் குனிந்து பார்த்தால் விரல்நுனி அளவுக்கு ஒரு சிறு கத்தி பதித்திருப்பது தெரியும். ஹெட்டைத் தரையில் தட்டும்போது வெளியே வரும் நைலானை அந்தக் கத்தி சரியான நீளத்துக்கு நறுக்கிவிடும். கார்டு இல்லையென்றால் நைலான் அளவுக்குமீறி நீண்டுகொண்டே போகும். நீண்ட நைலானைச் சுழற்ற என்ஜின் திணறும், சுற்று குறையும், புல் அறுபடாமல் கிழியும், கிளட்ச் சூடேறும். கார்டைக் கழற்றியவர் வேலையையும் கெடுத்துக்கொண்டு, தெறிக்கும் கல்லையும் தன் காலுக்கும் முகத்துக்கும் வரவழைக்கிறார்.

வெட்டுவதிலும் இதே நியாயம்தான். அறுப்பது நைலானின் நுனி மட்டுமே. ஹெட்டைப் புல்லுக்குள் அமுக்கினால் நைலான் சுற்றிச் சிக்கும், மண்ணைத் தோண்டும், கல்லைக் கிளப்பும். தரையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் மேலே வைத்து, பக்கவாட்டில் நிதானமாக வீசிக்கொண்டே முன்னேறவேண்டும். நேர்க்குழாய் மெஷின்கள் பெரும்பாலும் மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றும். அவற்றை வலமிருந்து இடமாக வீசினால் வெட்டிய புல் இடப்பக்கம், ஏற்கனவே வெட்டிய இடத்தில் ஒதுங்கி விழும். உங்கள் மெஷின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஹெட்டுக்கு மேலே உள்ள அம்புக்குறி காட்டும். இடுப்பளவு புல்லை ஒரே வீச்சில் அடியோடு வெட்டாமல் மேல்பாதியை முதலில் எடுத்துவிட்டு அடுத்த சுற்றில் கீழே இறங்கவேண்டும். மரத்தின் அடியில் நைலான் படாதபடி ஒரு சாண் விட்டு, அங்கே மட்டும் கைக்கத்தியால் செதுக்குங்கள். அடிப்பட்டை சுற்றிலும் உரிந்தால் வளர்ந்த மாமரமும் பட்டுப்போகும்.

இனி கண். சாதாரண மூக்குக்கண்ணாடியும் கூலிங் கிளாஸும் காப்பல்ல, உடைந்தால் அவையே கண்ணுக்குள் இறங்கும். பக்கம் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். ஐஎஸ் 5983, ஈஎன் 166, இசட்87+ ஆகியவற்றில் ஒரு குறியீடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வலை வைத்த முகமூடி கல்லைத் தடுக்கும், மணலைத் தடுக்காது. அதனால் வலைக்கு உள்ளேயும் கண்ணாடி தேவை. பெட்ரோல் மெஷினின் சத்தத்தை நாள்முழுக்கக் கேட்டால் காது கெடும், காதடைப்பானும் வாங்கித்தரலாம்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் அடி பட்டுவிட்டால்? கண்ணைக் கசக்கக்கூடாது. ஏதாவது குத்திக்கொண்டு நின்றால் பிடுங்கக்கூடாது, கழுவவும் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்மேல் படாமல் கவிழ்த்து, விளிம்பை மட்டும் எலும்பில் பொருத்தி ஒட்டிவிட்டு 108ஐ அழையுங்கள். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள். இரும்புத் துகள் சிலசமயம் ஒரு சிறு சிவப்புப் புள்ளியை மட்டும் விட்டுவிட்டு உள்ளே போய்விடும். வலியும் பெரிதாக இருக்காது, அன்றைக்குப் பார்வையும் தெரியும். ‘மெஷின் ஓட்டும்போது பட்டது’ என்று மருத்துவரிடம் சொன்னால்தான் அவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்.

புல் துணுக்கோ தூசியோ பட்டு உறுத்தினால் அதுவும் சின்ன விஷயமில்லை. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் பெரும்பங்கு பூஞ்சையால் வருவது, அந்தப் பூஞ்சை பயிர், புல், மண் வழியாகத்தான் கண்ணுக்குள் போகிறது. தாய்ப்பால் விடுவதும், மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவதும் நம் ஊர் வழக்கம். அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் ஆழமாகும், கருவிழி ஓட்டையாகும் அளவுக்குப் போகும். தண்ணீரில் கழுவியும் உறுத்தல் தீராவிட்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டும்.

மெஷினே பழுதாக இருந்து ஹெட் கழன்று அடித்தது, அல்லது எச்சரிக்கை எதுவும் இல்லாமல் விற்றார்கள் என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. போதிய எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் தராததே அந்தப் பொறுப்புக்குப் போதுமான காரணம்தான். பில், டப்பா, உடைந்த பாகம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ரிப்பேருக்குக் கொடுக்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி மாவட்ட நுகர்வோர் ஆணையம்வரை போகலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வழிப்போக்கருக்கு அடி பட்டால் கதை வேறு. அஜாக்கிரதையால் காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது, ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம்.

கூலியாளின் உரிமைதான் அதிகம் பேசப்படாதது. ஒப்பந்ததாரரிடமோ, ரிசார்ட், பள்ளி, ஆலை ஆகியவற்றிலோ வேலைசெய்யும்போது கண் போனால் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இழப்பீடு தருகிறது. 2025இல் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை இந்த உரிமையைத் தந்தது 1923ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். மறுகண் நன்றாக இருக்கும்போது ஒரு கண்ணின் பார்வை போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்றும், கண்ணையே இழந்தால் 40 விழுக்காடு என்றும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியல் கணக்கிட்டது. பாதுகாப்புக் கருவி கொடுத்தும் வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளி வாதாட இடமுண்டு. கண்ணாடியே வாங்கித்தராதவர் அந்த வாதத்தை எடுக்கமுடியாது. விபத்தை உடனே எழுத்தில் தெரிவித்து, இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கவேண்டும். ஒரு நாள் கூலிக்கு வீட்டு வேலையாக வந்தவருக்கு இந்தச் சட்டம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

வழக்குக்கு முன்பே கையில் இருக்கவேண்டியது காப்பீடு. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் ஒரு கண்ணின் பார்வை மீளாமல் போனால் ஒரு லட்சம் ரூபாயும், இரு கண்ணும் போனாலோ உயிரே போனாலோ 2 லட்சம் ரூபாயும் கிடைக்கும். 18 முதல் 70 வயதுவரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து உதவுங்கள். ஜூன் 1இல் தொடங்கும் ஆண்டுக்கான தொகையை வங்கி கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ளும் என்பதால், மே மாதக் கடைசியில் அந்த 20 ரூபாய் கணக்கில் இருக்கவேண்டும்.