கட்டாத வீட்டுக்குப் பதக்கம்

மட்டக்களப்பு, கல்லடிப் பாலத்தடியில இருந்து பேசுறன்.

இன்னும் கட்டாத, அநேகமா ஒருநாளும் கட்டப்படாத கட்டடம் ஒண்டுக்குப் பதக்கம் குடுக்கிறாங்க எண்டா நம்புவீங்களா? கட்டடக்கலை மாணவர் விருதுகள்ல கனக்க அப்பிடித்தான். தாள்ல வரைஞ்சதுக்கும் மட்டையில செஞ்ச மாதிரியுருவுக்கும்தான் பரிசு.

இதுல பழமையான ஒண்டு லண்டன்ல இருக்கிற 'ரீபா', அதாவது பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச நிறுவகம், குடுக்கிற தலைவர் பதக்கங்கள். அதுட வேர் 1836 வரைக்கும் போகுது. முதல் பட்டக் கட்டத்துக்கு வெண்கலம், அடுத்த கட்டத்துக்கு வெள்ளி, ஆய்வுக் கட்டுரைக்குத் தனிப் பதக்கம். நீங்களா விண்ணப்பிக்க ஏலாது, படிக்கிற இடம்தான் தெரிஞ்சு அனுப்பவேணும். இந்தியாவில 'நாசா' எண்ட கட்டடக்கலை மாணவர் சங்கம், பழைய இடங்களை அளந்து பதிவுசெய்றதுக்கெண்டே லூயி கான் பேர்ல ஒரு கோப்பை வெச்சிருக்கு. அளக்கிறதுக்கே கோப்பை! எனக்கு அது மிச்சம் பிடிச்ச விசயம்.

நடுவருக்கு முன்னால வடிவான படம் எவ்வளவோ கிடக்கும். அந்த மாணவர் யாரிட்டப் போய் என்ன கேட்டார் எண்டதுலதான் ஒரு வேலை தனியாத் தெரியும். எங்கட நாட்டிலயே இதுக்கு ஆள் இருக்காங்க, மினெட் டி சில்வா. 1948ல ரீபாவில இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டி வட்டபுளுவையில வீட்டுத் திட்டம் வரையமுன்ன, குடியிருக்கப்போற குடும்பங்களுக்குக் கேள்வித்தாள் குடுத்து, எப்பிடி வாழுறீங்க எண்டு கேட்டவங்க. பம்பாயில படிக்கக்குள்ள காந்திக்கு ஆதரவான போராட்டத்துக்குப் போனதால கல்லூரியால விலக்கப்பட்ட மாணவியும் அவங்கதான். 1996ல, 78 வயசில, இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தங்கப்பதக்கம் குடுத்துது.

மறுகா, இதே மாதிரிக் கேள்விகளோட எங்கட வாவிக்கு வருவம்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில இருக்கிற நாவலடியை வெட்டுமுகமா வரைஞ்சு பாருங்க. வெட்டுமுகம் எண்டா நிலத்தைக் கத்தியால வெட்டின மாதிரிப் பக்கப்பாட்டில காட்டுற படம். கிழக்கால கடல். பிறகு ஒடுங்கின மணல் திட்டு, அதுலதான் ஊர். அடுத்த பக்கம் வாவி. அதுக்கும் அங்கால படுவான்கரை, வயல். இந்த ஒரு கோட்டிலயே 2004 டிசம்பர் 26 சுனாமி ஏன் அந்த ஊரை அப்பிடி அள்ளிட்டுப் போச்சு எண்டு விளங்கிரும். பிறகு அங்க இருந்த குடும்பங்களுக்குத் திராய்மடுவில வீடு குடுத்தாங்க. அலையில இருந்து பாதுகாப்பான இடம். ஆனா கடலுக்குப் போற மனிசன் வலையை எங்க காயப்போடுவார்? தோணியை ஆர் பாக்கிற? இந்தக் கேள்வியை வரைபடத்தில வெச்சா, அது பேசும்.

இன்னொண்டு. இதைத்தான் நான் ஆகலும் முக்கியமா நினைக்கிறன். எங்கட பக்கத்தில, தமிழ் வீடெண்டாலும் முஸ்லிம் வீடெண்டாலும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் அங்க வந்து இருப்பார். அடுத்த மகளுக்குக் கலியாணம் சரிவரமுன்ன பக்கத்தில இன்னொரு வீடு எழும்பவேணும். சுனாமிக்குப் பிறகு கட்டின திட்டங்கள்ல சின்னக் காணி, நடுவில ஒரு வீடு. பல இடங்கள்ல உறுதியும் ஆம்பிளைட பேர்லதான் போச்சு. பெண்ணுட வீடு அவட கையை விட்டுப் போன கதை அது.

அப்பிடி ஒரு காணியை நீங்க வரைஞ்சா? முதல் வீட்டை ஒரு ஓரத்துக்கு ஒதுக்குவீங்க. தங்கச்சிட வீட்டுக்கு இடம் விடுவீங்க. கிணறு எங்க நிண்டா ரெண்டு குசினிக்கும் கிட்ட? ரெண்டு வாசலும் எந்தப் பக்கம் பாக்கும்? முதல் வீட்டுக்குக் காத்து மறையாம ரெண்டாவதை எப்பிடி எழுப்புற? உங்கட அம்மம்மாவிட்டக் கேட்டா இதுல பாதிக்கு உடன பதில் வரும்.

உயர்தரம் எழுதப்போற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு தகவல். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில கட்டடக்கலை படிக்க இசட் புள்ளி மட்டும் போதாது. தனியா ஒரு உளச்சார்புப் பரீட்சை இருக்கு, அதுக்கு வேறயா விண்ணப்பிக்கவேணும். அறிவித்தல் வரக்குள்ள தவறவிடாதீங்க. அதுவரைக்கும் ஒரு கொப்பியும் பென்சிலும் அளவு நாடாவும் எடுத்து, உங்கட வளவை அளந்து வரையத் தொடங்குங்க. கிணத்தில இருந்து தொடங்கினா சுகம்.